இரண்டே இருக்கை

சக்கரத்தடியில் எலுமிச்சை வேண்டாம் என்றேன்,
நாங்கள் வேதக்காரர்கள்.
ஷோரூம் பையன் நாலு பழத்தையும் பொறுக்கிச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
இப்போது நரிமேட்டில் என் காருக்கே
எலுமிச்சம்பழம் என்றுதான் பேர்.
அப்படியொரு மஞ்சள்.

பத்தொன்பது வருஷம் கழிவறைப் பீங்கான் விற்ற காசு.
மதுரையில் பாதிப் பேர்
என் புண்ணியத்தில்தான் காலையில் உட்காருகிறார்கள்.
தசமபாகம் ஒரு மாதமும் தவறியதில்லை,
ரசீது இருக்கிறது.
ரசீதை யாரும் கேட்கவில்லை.
நானாகத்தான் ராத்திரியில் எடுத்துப் பார்க்கிறேன்.

பின்கண்ணாடியில் ஒட்ட
ஹெப்சிபா ஒரு வாசகம் வாங்கி வந்தாள்:
கர்த்தர் தந்தது.
ஒட்டவில்லை.
அவர் தந்தது என்று எழுதிக்கொண்டு
அவர் தராதவர்கள் நிற்கிற பஸ் ஸ்டாப்பை
எப்படிக் கடப்பது?

ஐயர் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
ஆலயத்து வேப்பமரத்தடியில் நான் நிறுத்த,
வாலிபர் சங்கத்துப் பையன்கள் படமெடுக்க,
அவர் தன் பழைய ஸ்கூட்டரைக்
கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொண்டார்.
அந்தக் கொஞ்சம்
எனக்கு முழுப் பிரசங்கம்.

போன ஞாயிறு அறுப்பின் பண்டிகை.
ஏலத்தில் ஒரு பரங்கிக்காய்.
நூறு என்றார் ஒருவர். நூற்றைம்பது.
அப்புறம் எல்லாத் தலையும்
முதலில் வேப்பமரத்துப் பக்கம் திரும்பி
பிறகு என் பக்கம் திரும்பின.
பத்தாயிரம் என்றேன்.
கைதட்டினார்கள்.
தட்டாதவள் கடைசி பெஞ்சில் சாலொமி.
வில்லாபுரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல்
கொடியேற்றி அதை வளர்த்தவள்,
இரண்டு பஸ் மாறி மடியில் வைத்துக் கொண்டுவந்தவள்.
"நூறு ரூபாதான் சார் பெறும்" என்றாள்,
வருத்தமாக,
என்னை யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி.

வீட்டில் விடுகிறேன், வாங்க என்றேன்.
கதவு மேல்நோக்கித் திறக்கும்;
கேரூபீன் சிறகு என்று
ஒருகாலத்தில் நினைத்துச் சிரித்ததுண்டு.
குனிந்து பார்த்தாள்.
இருக்கை தரையோடு தரையாக.
"முட்டி மடங்காது சார்.
சர்ச்சிலயே நின்னுக்கிட்டுதான் ஜெபம்."
பஸ் வந்தது. கம்பியைப் பிடித்து
ஏறிப் போய்விட்டாள்.

டிக்கியில் ஒரு செருப்புப் பெட்டி கொள்ளும்.
பரங்கிக்காயை அவள் இடத்தில் வைத்தேன்.
உடனே கார் கத்தத் தொடங்கிற்று,
ஆள் உட்கார்ந்திருக்கிறது, பெல்ட் எங்கே என்று.
மாட்டிவிட்டேன்.

கோரிப்பாளையம் தாண்டி ஒவ்வொரு வேகத்தடையிலும்
வயிறு உரசாதபடி கோணலாக,
ஒரு சக்கரம், அப்புறம் ஒரு சக்கரம்.
ஐந்நூற்றிருபது குதிரைகள்
மண்டியிடக் கற்றது இந்த ஊரில்தான்.
பின்னால் ஷேர் ஆட்டோக்காரன்
ஹாரனை விட்டுக் கையெடுக்கவில்லை.

இதையும் சொல்லிவிட வேண்டும்.
விடியுமுன் நத்தம் பாலத்தில்
ஆளில்லாத நேரம் பார்த்து அழுத்தினால்,
ஆனைமலை படுத்தபடியே பின்னால் நகர,
என் வாயிலிருந்து
ஸ்தோத்திரம் என்று வந்துவிடுகிறது.
யாரும் சொல்லச் சொல்லாதது.
முப்பது வருஷ ஞாயிறுகளில்
ஒருமுறைகூட அப்படி வராதது.
அவருக்கா, இன்ஜினுக்கா,
பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.
பிரிக்கப் பயம்.

மூன்று நாளாகப் பரங்கிக்காய் அங்கேயே இருக்கிறது.
ஹெப்சிபா கத்தியோடு வந்து
நின்று பார்த்துவிட்டுப் போனாள்.
பெல்ட்டைக் கழற்ற மனமில்லை.
வெள்ளைத் தோல் இருக்கையில்
அதன் அடியிலிருந்து உதிர்ந்த
கொஞ்சம் வில்லாபுரத்து மண்.